கடலோரத் தோட்டப் பட்டணத்தில் குடியேறுகிறீர்களா? நீர்மட்டத்தில் தொடங்கி அடையாள அட்டை வரை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் நகரிலிருந்து காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று வடக்கே போகும் கரையிலும், தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு, பந்திங் என்று தெற்கே இறங்கும் கரையிலும் ஒரே மாதிரி ஊர்கள் உண்டு. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் சேறும் கண்டல் காடும், நடுவில் கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், நாலைந்து தாமான் (வீடமைப்புப் பகுதி). வாடகை கிள்ளானைவிடக் குறைவு என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்காகத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே ஒவ்வொரு தாளும் இன்னொரு தாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம் இல்லாமல் மின்கணக்கு உங்கள் பெயருக்கு வராது. மின்கட்டணச் சீட்டு இல்லாவிட்டால் முகவரியைக் காட்டுவது கடினம். அடையாள அட்டையில் முகவரி மாறாவிட்டால் பள்ளியிலும் தேர்தல் பட்டியலிலும் பழைய ஊர்க்காரராகவே இருப்பீர்கள். வரிசை பிசகினால் ஒரே கவுண்டருக்கு மூன்று தடவை நடக்க வேண்டியதுதான். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஆறு வாரம். ஒழுங்காகப் போகாது, எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. பௌர்ணமிக்கு மறுநாள் போய் வீட்டைப் பாருங்கள்

முகவர் உங்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடுவார். அன்று வெயில் அடிக்கும், கால்வாய் காய்ந்து கிடக்கும், வீடு லட்சணமாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் இன்னொரு முறை போங்கள். கடலேற்றம் அப்போதுதான் உச்சம். இந்தக் கரையில் அந்த நாள்களின் உச்சம் காலையிலும் மாலையிலும் ஆறு, ஏழு மணியை ஒட்டி வருகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும், வேலை முடிந்து திரும்பும் நேரமும் அதேதான். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் கார் போகுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளைக் குறிக்க ஜோசியர் தேவையில்லை. கிள்ளான் துறைமுகத்துக்கான கடலேற்ற அட்டவணையை அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் 5 மீட்டருக்கு மேல் போட்டிருக்கும் நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 5.5 மீட்டரை எட்டும் நாள்களில் கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை வரும். அந்த எண் கடற்படத்தின் அடிமட்டத்திலிருந்து அளந்தது. உங்கள் வாசலில் ஐந்தரை மீட்டர் தண்ணீர் நிற்கும் என்று பயந்துவிடாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் ஏற்றம் கூடுதலாக இருக்கும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இன்றைய நேரத்தோடு 50 நிமிடம் கூட்டினால் ஏறக்குறைய நாளைய நேரம்.

புதியவர்கள் தவறவிடுவது கடலை அல்ல, மழையைத்தான். இந்த நிலத்தின் பெரும்பகுதி உயர்ந்த கடலேற்றத்தைவிடத் தாழ்ந்தது. கரைமேடு, அதாவது மலாயில் ‘பான்’, கடலைத் தடுக்கிறது. தோட்டத்துக் கால்வாய்களின் நீர் ‘பிந்து ஆயிர்’ எனும் நீர்க்கதவு வழியாகக் கடலுக்குப் போகிறது. கடல் ஏறும்போது கதவை மூடிவிடுவார்கள். அந்தச் சில மணி நேரத்தில் கனமழை பிடித்தால் தண்ணீர் போக இடமில்லை. அதனால் கரைமேடு உடையாத நாளிலும் தாமானுக்குள் வெள்ளம் வரும். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்று சொல்லி விற்கப்படும் வீடு, கால்வாய் ஓரமாக இருந்தால் கரையோர வீட்டைவிட மோசம்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை:

சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டடி வரை மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால், ஏன் என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவர் சொல்வதோடு நிறுத்தாமல் எதிர்வீட்டு அம்மாவையும் கேளுங்கள். பக்கத்து வீடுகளின் வாசலில் சிமென்ட் வரம்பு கட்டியிருந்தால், அதன் உயரம்தான் அந்தத் தெருவின் வெள்ள வரலாறு. சொக்கெட்டுகள் தரையோடு ஒட்டியிருக்கின்றனவா, இடுப்பு உயரத்தில் இருக்கின்றனவா என்பதும் அதே கதையைச் சொல்லும். கடலேற்ற நேரத்தில் கழிவறையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மெதுவாக இறங்கினாலோ, குமிழி விட்டு மேலே வந்தாலோ மலக்குழியில் நிலத்தடி நீர் ஏறுகிறது. அதை வாடகைக்காரர் சரிசெய்ய முடியாது, வீட்டை விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்றில் துருப்பிடிப்பது சாதாரணம்தான். கிரில், தகரக் கூரையின் ஆணிகள், வெளியில் மாட்டிய ஏர்கோன் பெட்டி மூன்றையும் விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் அதைக் காட்டி வாடகையைக் குறைத்துப் பேசலாம். அந்தச் சாலையில் கைப்பேசி அலை கிடைக்கிறதா, வீட்டு முகவரிக்கு இழை இணையம் உண்டா என்பதையும் அன்றைக்கே சோதியுங்கள். தாமான் வரை வந்த கம்பி, தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரை வந்திருக்காது.

2. ஒப்பந்தமும் முத்திரையும்

பொதுவான வழக்கம்: இரண்டு மாத வாடகை பிணைத்தொகை, அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கான பிணை, முதல் மாத வாடகை. மாதம் 800 ரிங்கிட் வாடகை என்றால் சாவி வாங்கும் அன்று 2,800 ரிங்கிட் கையில் இருக்க வேண்டும். லாரிக்கூலி இதில் சேராது.

‘தெரிந்தவர்தானே, எழுத்து எதற்கு’ என்ற பேச்சு இந்த ஊர்களில் சகஜம். எழுத்து இல்லாமல் குடியேறினால் அடுத்த எந்தப் படியையும் தாண்ட முடியாது. ஒப்பந்தம் எழுதினால் மட்டும் போதாது, கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே கட்டலாம். 2025 ஜனவரி முதல், ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு போய்விட்டது. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ரிங்கிட். 800 ரிங்கிட் வாடகையில் ஆண்டுக்கு 9,600. அதை 250ஆல் வகுத்தால் 38.4, கணக்கில் 39. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 39 ரிங்கிட், இரண்டாண்டுக்கு 117. நகல் பிரதிக்குத் தனியாக 10 ரிங்கிட். பழைய கணக்கைச் சொல்லும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: வெள்ளத்தால் கெட்டுப்போகும் மின்கம்பி, மோட்டார், கதவு ஆகியவற்றை யார் மாற்றுவது என்பது. அந்த வரி இல்லாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே சண்டை வரும்.

முகவரியையும் எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு முகவரி புழங்கும். பழையது தோட்டத்தின் பெயரோடு, புதியது லோட் எண்ணோடு. மின்கட்டணச் சீட்டில் எது இருக்கிறதோ அதையே ஒப்பந்தத்திலும் போடுங்கள். பிற்பாடு கவுண்டரில் ‘இது வேறு வீடு’ என்று திருப்பியனுப்புவது இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

3. மின்சாரம், தண்ணீர்

சாவி கைக்கு வந்த அன்றே இரண்டு மீட்டரையும் படம் எடுங்கள். எண் தெளிவாகத் தெரிய வேண்டும், தேதி படத்தில் இருக்க வேண்டும். முன்னவர் வைத்துவிட்டுப் போன பாக்கி உங்கள் தலையில் விழாமல் காப்பது அந்தப் படம்தான்.

மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற அடையாள அட்டை நகல், முத்திரையிட்ட ஒப்பந்தம், மீட்டர் எண் வேண்டும். மைடிஎன்பி செயலியிலும் செய்யலாம். பிணைத்தொகை ஏறக்குறைய இரண்டு மாதக் கட்டணம், அதோடு 10 ரிங்கிட் முத்திரை வரி. வீட்டை விட்டுப் போகும்போது கணக்கை மூடினால்தான் பிணை திரும்பும். மூடாமல் போனவர்கள், அடுத்து வந்தவரின் கட்டணத்தைத் தங்கள் பெயரில் சுமக்கிறார்கள்.

‘கணக்கு என் பெயரிலேயே இருக்கட்டும், நீங்கள் கட்டினால் போதும்’ என்று வீட்டுக்காரர் சொல்வார். பணத்தைப் பொறுத்தவரை நட்டமில்லை. ஆனால் முகவரிச் சான்றாகக் காட்ட உங்களுக்கு ஒரு சீட்டும் இருக்காது. குறைந்தது தண்ணீர்க் கணக்கையாவது உங்கள் பெயருக்கு மாற்றிக் கேளுங்கள்.

2025 ஜூலையில் வந்த புதிய மின்கட்டண முறையில் மாதம் 600 யூனிட் என்பது எல்லைக்கோடு. அதற்குள் இருந்தால் 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணமும் எரிபொருள் சரிக்கட்டலும் கிடையாது. இரண்டு ஏர்கோன் இரவு முழுக்க ஓடினால் கோட்டைத் தாண்டிவிடக்கூடும். உப்பேறிய பழைய ஏர்கோன் இன்னும் சீக்கிரம் தாண்டவைக்கும்.

மின்தடைக்கு 15454, தண்ணீர் நிறுவனமான ஆயிர் சிலாங்கூருக்கு 15300. இரண்டையும் கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

4. அடையாள அட்டையில் முகவரி

சட்டப்படி வீடு மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும். நீங்களே நேரில் போக வேண்டும், ரேகை வைக்க வேண்டும். பழைய அட்டை, முகவரி தெரியும் கட்டணச் சீட்டு அல்லது ஒப்பந்தம், கையில் கொஞ்சம் பணம் போதும். திங்கட்கிழமையும் பள்ளி விடுமுறையும் வேண்டாம். குடும்பத்தில் 12 வயதான பிள்ளைக்கு முதல் அட்டை எடுக்க வேண்டியிருந்தால் ஒரே பயணத்தில் முடித்துவிடுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடங்கள் சில உண்டு.

அட்டையில் முகவரி மாறினால் வாக்களிக்கும் தொகுதியும் தானாக மாறும் என்று நினைக்கிறார்கள். மாறாது. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகப் பதிவாகிறார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர், அட்டையில் முகவரி மாறிய பிறகு தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நகராண்மைக் கழகத்தின் கால்வாய்க் குறையைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் சொல்லப் போகும்போது, நீங்கள் எந்தத் தொகுதி என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

சாலைப் போக்குவரத்து இலாகா, சேமநிதி, வங்கி ஆகியவற்றிலும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். சம்மன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பது வாகனத்தை விற்கும் அன்றுதான் தெரியவரும்.

தோட்டத்து லயத்தில் குடியிருந்தால் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்துக்கு மொத்தமாக வரும். அங்குள்ள கிராணியிடம் (எழுத்தரிடம்) பெயரைச் சொல்லி வைத்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பொட்டலம் வாங்குகிறவர்கள் முகவரியில் கைப்பேசி எண்ணையும், கோயில், பள்ளி போன்ற அடையாளம் ஒன்றையும் சேர்த்து எழுதுவது நல்லது.

5. பள்ளி, கிளினிக்

பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றுவதற்கான விண்ணப்பம் கல்வி அமைச்சின் ஐடிமீ தளத்தில். பிறப்புச் சான்று, மைகிட் எனும் பிள்ளைகளுக்கான அடையாள அட்டை, பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே புதிய பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள். தோட்டப்புறப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் இடம் பெரும்பாலும் கிடைக்கும், வரவேற்பும் இருக்கும். இழுபறி பழைய பள்ளியில்தான். இரவல் பாடநூல்களைத் திருப்பிக் கொடுத்து, அதற்கான சீட்டை வாங்கிவிட்டு வாருங்கள். பள்ளி வேன் எந்தச் சாலை வழியாக வருகிறது, கடலேற்ற நாளில் எந்த வழி என்று ஓட்டுநரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். நீண்டநாள் மருந்து எடுப்பவர் பழைய கிளினிக்கிலிருந்து மாற்றுக் கடிதமும், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவும் வாங்கி வந்தால் முதல் நாளே மருந்து கிடைக்கும். வெறுங்கையோடு வந்தால் முதலிலிருந்து பரிசோதனை.

6. குப்பை, வரி

சிலாங்கூரில் குப்பை எடுப்பது கேடிஇபி நிறுவனம். வாரத்தில் எந்த நாள்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கடலேற்ற நாளில் தொட்டியை வாசலில் விட்டுவிட்டுப் போனால் அது மிதந்து அடுத்த தெருவுக்குப் போகும். வீட்டு வரி ஆண்டுக்கு இரு தவணை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும். நில வரி மே 31க்குள். இரண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு, உங்களைக் கட்டச் சொன்னால் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

7. ஊரில் சேர்வது

இதற்குப் படிவம் இல்லை. ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் மற்ற எல்லாமே மெதுவாகும்.

முதல் வாரத்தில் மூன்று பேரைப் பாருங்கள்: உங்கள் தெருவின் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்) பொறுப்பாளர், அந்த வட்டாரத்தின் இந்தியர் சமூகத் தலைவர், கோயில் செயலாளர். பெயர், வீட்டு எண், வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாத முதியவர் இருக்கிறாரா என்பதைச் சொல்லிவிடுங்கள். வெள்ளத்தில் படகு வரும்போது எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சேர்ந்ததும் ஒரு வாரம் பேசாமல் படியுங்கள். மரண அறிவித்தல், தண்ணீர்த் தடை, கோயில் கூட்டம், கல்யாணப் பந்தலால் அடைபடும் தெரு, தொலைந்த நாய் எல்லாம் அதில்தான் வரும். பழைய கடலேற்ற எச்சரிக்கைப் படமும் ஒவ்வோர் ஆண்டும் புதிதுபோல் வரும். முன்னனுப்புவதற்கு முன் தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கோயில் திருவிழா உபயங்களை மாதக்கணக்குக்கு முன்பே எடுத்துவிடுவார்கள். முதல் ஆண்டில் பெரிய உபயம் கேட்டு நிற்க வேண்டாம். அன்னதானத்துக்கு அரிசியோ உழைப்போ கொடுத்தால் ஊர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்து தண்டல் கேட்பவரிடம் சங்கப் பதிவு எண் அச்சிட்ட ரசீதையும் போலீஸ் அனுமதியையும் கேளுங்கள். உண்மையான நிர்வாகம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

தோட்டச் சாலை குறுக்குவழிதான், ஆனால் அது நிறுவனத்தின் நிலம். இரவில் காவல் கம்பம் போடும் நேரத்தைக் காவலரிடம் கேட்டுவையுங்கள். பழக்குலை ஏற்றிய லாரி வளைவில் அகலமாகத் திரும்பும், வழி விட்டு நில்லுங்கள்.

8. முதல் பெரிய ஏற்றத்துக்கு முன்

காப்பீட்டை இப்போதே பாருங்கள். காரின் முழுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. ‘சிறப்பு ஆபத்து’ இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டுக்கடனோடு வங்கி தரும் அடிப்படைத் தீக் காப்பீட்டிலும் வெள்ளம் இல்லை. வாடகைக்காரர் வீட்டுப்பொருள் காப்பீடு எடுக்கலாம், அதில் வெள்ளம் உண்டு. எச்சரிக்கை வந்த பிறகு வாங்கப் போனால் கொடுக்காமலும் போகலாம்.

அசல் ஆவணங்கள் எல்லாம் ஒரே நீர்புகாப் பையில், அலமாரியின் மேல்தட்டில். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் இரண்டையும் செங்கல் வைத்து ஓரடி உயர்த்துங்கள். வாசலுக்கு ஆறு மணல் மூட்டை, குளியலறைத் துளைக்கு ஒன்று. வாசலை மட்டும் அடைத்தால் தண்ணீர் குளியலறை வழியாக வரும், பலருக்கும் இது முதல் வெள்ளத்தில்தான் தெரிகிறது. தண்ணீர் வாசல்படியைத் தொட்டதும் மெயின் சுவிட்சை இறக்குங்கள். தரையில் ஈரம் பரவிய பிறகு அதைத் தொடப் போகாதீர்கள். உப்புத்தண்ணீரில் நின்ற காரை முடுக்காதீர்கள், இழுவண்டியைக் கூப்பிடுங்கள்.

நிவாரண மையத்துக்குப் போனால் குடும்பத் தலைவர் பெயரில் பதிவு செய்யுங்கள். உதவித்தொகைப் பட்டியல் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. வீட்டைக் கழுவுவதற்கு முன் சுவரில் நீர் நின்ற கோட்டோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் லாரி வரும் நாளையும் அட்டவணையைப் பார்த்தே குறியுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே, பாதி நிலா தெரியும் நாள்களில் ஏற்றம் தணிந்திருக்கும், சாலை காய்ந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வருவதாக இருந்தால் மதிய இறக்கத்தில் வாருங்கள். ஆனால் அதே நாள்களில், அதே நேரத்தில்தான் கோலசிலாங்கூர் சாசாரான் மணல்திட்டில் ‘ஸ்கை மிரர்’ எனும் வானம் பிரதிபலிக்கும் நீர்ப்பரப்பைப் பார்க்கச் சுற்றுப்பயணிகளும் வருகிறார்கள். ஜெராம் பக்கம் வீடு என்றால் லாரிக்காரரைக் காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பச் சொல்லுங்கள். தாமானுக்குள் திரும்பும் முன் சாலையில் நீர் வடிந்துவிட்டதா என்று எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு அழைப்பு போடுங்கள்.